மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்த நிலா

வெறும் வயிற்றோடு இருக்கும்போது கொழுக்கட்டை வேகும் வாசனை வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா... தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் ஆவியோடு கலந்து வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும்.

அன்றைக்கு எங்கள் கோத்தகிரி வீட்டு அடுப்படி முழுக்க அந்த வாசனைதான். கதவைத் திறந்தால் வெளியே எதிர்வீட்டு லைட்கூடத் தெரியாத ஐப்பசிப் பனிமூட்டம்.

சங்கடஹர சதுர்த்தி. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும். பிள்ளையாருக்கு அருகம்புல் சார்த்திக் கும்பிட்டு, இருட்டிய பிறகு நிலாவைப் பார்த்து, பாலும் தண்ணீரும் வார்த்த பின்னால்தான் வாயில் எதையும் வைக்கலாம். பிள்ளையாரின் தொப்பையைப் பார்த்துச் சிரித்துச் சாபம் வாங்கிய சந்திரன், இந்த நாளில் அவரைக் கும்பிட்டுத்தான் சாபம் நீங்கினான் என்பார்கள். அதனால் அவனையும் பார்த்தால்தான் விரதம் முழுசாகும்.

சூலூரில் எங்கள் அம்மா வீட்டில் இதெல்லாம் ஒரு சிரமமே இல்லை. வாசலுக்கு வந்தால் நிலா. மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே நிலா மனசு வைத்தால்தான் உண்டு என்று...

எனக்கு முதலில் உண்டானது தங்கவில்லை. ஒரு வருஷம் சதுர்த்தி இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். படித்தது ஐந்தாவதுதான் என்றாலும் தினக் காலண்டரில் சந்திரன் உதிக்கும் நேரத்தைப் பார்த்துத் தெருவுக்கே சொல்வது நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. மற்ற மாதமெல்லாம் கொஞ்ச நேரமாவது மூட்டம் விலகும். கடைசி மாதம் பார்த்து இப்படி மூடிக்கொண்டது.

இன்னொன்றும் இருந்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. விரதத்தை முடித்துவிட்டு வீட்டில் சொல்லலாம் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். இதில் குறை வைத்தால், கொடுத்த சாமி திருப்பி எடுத்துக்கொள்ளுமோ என்று பயம்.

அத்தைக்கு, என் மாமியாருக்கு, அது தெரியாது.

"அம்மணி, மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஒரு கொழுக்கட்டையத் தின்னு. புள்ளையாரு என்ன, ஒரு நாள் கொறஞ்சா பேரு வெட்டற எஸ்டேட் மேஸ்திரியா?"

"நிலாவப் பாக்காம வேண்டாங்கத்தை."

"புடிச்சா புடிச்ச புடி! எம்பையன் உங்கிட்ட எப்படித்தான் காலந்தள்றானோ..."

பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா சிரித்துவிட்டார்.

"நோம்புப் பெருநாள் பிறைக்கு எங்களுக்கும் இதே ரோதனைதானுங்க. இந்த மூட்டத்துல என்னைக்கு நாங்க பிறையக் கண்டோம்? பாத்தவங்க வந்து சொன்னா ஏத்துக்குவோம்."

அத்தை என்னைப் பார்த்தார். "கேட்டியா? அப்படின்னா ஆகுமா?"

யோசித்தேன். சரி என்றுதான் பட்டது. "பாத்தவங்க எம் முன்னால வந்து சொல்லோணுங்கத்தை" என்றேன்.

மேட்டுப்பாளையம் பஸ் வரும் நேரம். இரண்டு பேரும் ஒரே குடையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அங்கே நடந்ததை நூர்ஜஹான் அக்கா அப்புறம் நடித்தே காட்டினார்.

இறங்கிய ஒவ்வொருவரையும் அத்தை மறித்தாராம். "ஏனுங்க, வர்ற வழியில நிலாவப் பாத்தீங்களா?"

"வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துட்டு வர்றனுங்க. நிலா ஒண்ணுதான் கொறச்சலு" என்றாராம் ஒருத்தர்.

டிரைவரையும் விடவில்லை. "நான் நிலாவப் பாத்திருந்தா, நீங்க என்னையப் பாத்திருக்க முடியாதுங்க!"

கடைசியில் கண்டக்டர்தான் சொன்னாராம். "நான் பாத்தனுங்க. குஞ்சப்பனை வரைக்கும் கூடவே வந்துச்சு. அதுக்கு மேலதான் மிஸ்ட் மூடிருச்சு."

"வா தம்பி ஊட்டுக்கு."

"ஏனுங்க, நான் போயி சாப்புடோணுங்க..."

"எங்கூட்டுல சாப்புடு!"

காக்கிச் சட்டையும் தோள்பையுமாக வாசலில் வந்து கூச்சத்தோடு நின்றார். நான் பால் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "எப்படிங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "ஒரு பக்கம் லேசாத் தேஞ்சிருந்துச்சுங்க. மொதல்ல செவப்பா... மேல வர வர வெளுத்துருச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை காட்டிய திசையில் பாலை வார்த்தேன். பால் எது, பனி எது என்று தெரியவில்லை.

"காக்கி போட்ட நிலாவ இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று அத்தை அவருக்கு இலை போட்டார்.

நானும் சாப்பிட்டுவிட்டு, அடுப்படியில் அத்தையின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், கண்டக்டர் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே இன்னும் இரண்டு கொழுக்கட்டை வைத்தார்.

ஆனியில் மகள் பிறந்தாள். அந்த ரூட்டில் அவர் வந்தவரைக்கும் அவளுக்கு அவர் 'நிலா மாமா'தான்.

இப்போது அத்தை இல்லை. நூர்ஜஹான் அக்கா மகனோடு கீழே திருப்பூருக்குப் போய்விட்டார். சந்திரன் உதிக்கும் நேரத்தை நிமிஷக் கணக்காகப் போனே சொல்கிறது. நிலாவைப் பார்த்தீர்களா என்று பஸ்ஸிலிருந்து இறங்கும் யாரையாவது கேட்டால், கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள்.

வேண்டுதல் முடிந்தும் விரதத்தை நான் விடவில்லை. போன சதுர்த்திக்கும் இங்கே மூட்டம்தான். கோயமுத்தூரிலிருந்து மகள் வீடியோ கால் போட்டு, மொட்டை மாடியிலிருந்து போனை வானத்துக்குக் காட்டினாள். "இதோ பாருங்கம்மா நிலா! தெரியுதா? சாப்புடுங்க போங்க."

வெள்ளையாக ஒரு புள்ளி ஆடியது. தெருவிளக்கு என்றாலும் நம்பலாம்.

"அது கெடக்குது கண்ணு. போனை உம் பக்கம் திருப்பு. நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எப்படி இருக்குது?"

சிரித்துக்கொண்டே அண்ணாந்தாள். அந்த முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. "ஒரு பக்கம் லேசாத் தேஞ்சிருக்குதும்மா..." என்று ஆரம்பித்தாள்.

நான் பாலை வார்த்தேன்.