பாம்புக்காதுக்காரரின் வலது கை

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பாம்புக்காது. வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஆறு என்று பன்னிரண்டு மிஷின் ஓடும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "ஏழாம் நம்பர்ல பேரிங் போகப்போகுது" என்பார். சொல்லி வைத்தாற்போல் இரண்டே நாளில் போகும். இருபத்தெட்டு வருஷமாக இந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது.

பிறகு அதே வேலைக்கு ரோபோ வந்தது. இடுப்பு உயரம், சக்கரக் கால், தலைக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்த காது. அந்தக் காதுகளைப் பொருத்தியது புதிதாகச் சேர்ந்த வயரிங்காரப் பெண்.

"சத்தம் கிட்ட இருக்கிற காதுக்கு ஒரு துளி முன்னாடி வரும், தள்ளி இருக்கிற காதுக்கு ஒரு துளி பின்னாடி வரும். அந்த வித்தியாசத்தை வெச்சு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கும். நீங்களும் அப்படித்தாண்ணே செய்யறீங்க."

"நானா? எனக்குக் கூட்டலே தகராறும்மா."

நடுவிலிருந்த மஞ்சள் கோட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்காவது கிறீச்சென்றால் ரோபோ தலையைத் திருப்பும், இவர் கையை நீட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால் ரோபோ தேறியது. இவ்வளவுதான் பரீட்சை.

அங்கேதான் வந்தது வினை. சில நேரம் ஒத்துப்போனது, சில நேரம் அது கிழக்கே பார்க்க இவர் மேற்கே காட்டினார். இடது வயரும் வலது வயரும் மாறியிருக்கும் என்று அந்தப் பெண் மாற்றிப் பொருத்தினாள். அதுவரை ஒத்துப்போனதெல்லாம் தப்பாகிவிட்டது. பழையபடி வைத்தாள். மூன்று முறை வயரைக் கழற்றிப் பற்றவைத்தாள். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. மிஷினைப் பிரித்துப் பார்க்கலாமென்றால் அரை நாள் வேலை கெடும். தவிர, கருவிக்கும் பாம்புக்காதுக்கும் சண்டை வந்தால் பாம்புக்காது சொன்னதே சட்டம் என்பது அந்த ஆலையின் பழைய வழக்கம். ஆக, மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா ரோபோ திரும்பிப் போகுது. நீயும் நாளையிலிருந்து வர வேண்டாம்மா."

பாம்புக்காதுக்குப் பாவமாக இருந்தது, குழப்பமாகவும் இருந்தது. போதாக்குறைக்கு வீட்டிலும் இதே கூத்து. "நான் சமையக்கட்டுல இருந்து கூப்பிட்டா நீங்க ஏன் பால்கனிக்கு ஓடறீங்க?" என்று மனைவி அன்று காலையில்கூடக் கேட்டாள். புது வீட்டுச் சுவர் சரியில்லை என்று அவர் சுவர்மேல் பழியைப் போட்டார். சுவர் வாய் திறந்து பேசவா போகிறது!

மத்தியானம் அந்தப் பெண், எந்த மிஷின் கத்தியது என்று அவர் எழுதி வைக்கும் குறிப்பு நோட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வாரமா நீங்க எழுதினது எல்லாமே வலது பக்கம். இடது பக்கமும் ஆறு மிஷின் ஓடுதே, அதுல ஒண்ணுகூடவா கத்தல?"

"அப்ப என் காதுதான் கோளாறுங்கிறியா? நேத்து வந்த பொண்ணு நீ!"

சீறிவிட்டாரே தவிர, உள்ளே திக்கென்றது. சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வலது காதருகே விரல்களைத் தேய்த்தார், சரசரத்தது. இடது காதருகே தேய்த்தார். விரல் சுட்டதே ஒழியச் சத்தமில்லை. கதவைத் திறந்து கூடத்தைப் பார்த்தபடி வலது காதை விரலால் அழுத்தி அடைத்தார். சட்டென்று எல்லாம் அடங்கிப்போயிற்று. மிஷின்களை நிறுத்திவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார். பன்னிரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

போன மாதம் வந்த காய்ச்சலாக இருக்குமோ? இல்லை, அதற்கும் முன்பிருந்தேவா? போனை எப்போதும் வலது காதில்தானே வைக்கிறோம், எப்படித் தெரியும்? ஒன்றும் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தால் போதும், பெயர் தப்பிக்கும். ஆனால் காது போன பாம்புக்காதுக்கு இந்த ஆலையில் என்ன வேலை? அவருக்கு அழுகை வந்தது.

மூக்கைச் சிந்திவிட்டு நேரே மேனேஜரிடம் போனார். "ரோபோ இடது பக்கம் எந்த மிஷினைக் காட்டுச்சோ அதைப் பிரிங்க சார். தப்பு என்மேல. எனக்கு ஒரு காது கேக்கல."

மேனேஜர் நம்பவேயில்லை. "விளையாடாதீங்க" என்றார். இவர் விடவில்லை. ரோபோ காட்டிய இடப்பக்கத்து மூன்றாம் நம்பரை நிறுத்திப் பிரித்தார்கள். பேரிங் கருகிக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் பேரிங்கைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள்.

அவர் மஞ்சள் கோட்டில் ரோபோவின் பக்கத்தில் போய் நின்றார். இனி எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே!"

வலப்பக்கம் திரும்பினார். அங்கே யாருமில்லை. என்னடா இது என்று விழித்தவர், ரோபோவைப் பார்த்தார். அது தலையை இடப்பக்கம் திருப்பியிருந்தது. அந்தப் பக்கம் பார்த்தார். வயரிங்காரப் பெண் மூன்றாம் நம்பர் ஓரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தாம்மா வெச்சிருக்க" என்றார்.