ஆடியில் போட்ட மாத்திரை

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். "கொஞ்சம் சிரியேன்டி" என்றாள் அம்மா. சிரித்தேன், கீழுதடு வெடித்து ரத்தம் வந்தது. அது மாத்திரையின் வேலை என்று அம்மாவுக்குத் தெரியும். பெருக்குக்காக வந்து பக்கத்தில் நின்ற என் கணவருக்குத் தெரியாது.

மாத்திரையின் பெயர் ஐசோட்ரெட்டினாயின் (எண்ணெய்ச் சுரப்பைக் குறைத்துக் கடும் பருக்களை ஆற்றுவது). கல்யாணத்துக்கு முன் தஞ்சாவூரில் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்தது. உதடு காயும், மூட்டு வலிக்கும் என்றார். மாத்திரை போடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கரு தங்கவே கூடாது, குழந்தைக்குப் பெரிய குறை வரலாம் என்றும் சொன்னார். அந்தக் கெடு முடிந்த பிறகுதான் தாலி கட்டிக்கொண்டேன்.

பருக்கள் திரும்பி வந்தன. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை மன்னார்குடிக்கு அழைத்துவந்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாதென்று தம்பதியைப் பிரித்துவைக்கும் மாதம்.

"ஆடி முழுக்க இங்கதானே இருக்கப்போற. மிச்ச மாத்திரையைப் போட்டு முகத்தைச் சரிபண்ணிக்க" என்றாள் அம்மா. இதைவிடப் பத்திரமான மாதம் ஏது என்று எனக்கும் பட்டது. படித்த முட்டாள் நான். ஆனி முழுக்கப் புருஷன் வீட்டில் இருந்தது இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

பெருக்கு கழிந்தும் மாதவிலக்கு வரவில்லை. "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்ட அம்மா, அடுத்த நொடி மாத்திரை அட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

கணவரை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பரு புடிச்ச பொண்ணுன்னு நெனச்சிடுவீங்கன்னுதான்..."

"அதைப் பாக்காமலா கட்டிக்கிட்டேன்?"

மூவரும் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறினோம்.

"மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கர்ப்பப் பரிசோதனை பண்ணீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆடி மாசம்தானே டாக்டர்..."

"ஆடிக்கு முன்னாடி என்ன மாசம்மா?"

பீட்டா எச்.சி.ஜி. (கரு தங்கியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை) எழுதினார். முடிவு வரும்வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான நாளாகப் பேரப்பிள்ளை கேட்டு வேண்டிக்கொண்டிருந்த அம்மா, "இருக்கக் கூடாது தாயே" என்று முணுமுணுத்தாள். பிள்ளைக்கு ஆசைப்பட்ட நானும் அதையேதான் வேண்டினேன். அந்த வேண்டுதலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரு இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. பிறகு விலக்கும் வந்தது. இந்த மாத்திரை போடுகிறவர்களே, மிச்சத்தை வீட்டில் வைக்காதீர்கள். எந்த மாதத்தையும் நம்பாதீர்கள்.

ஆவணியில் கணவர் வீட்டுக்குத் திரும்பினேன். டாக்டர் சொன்ன நாள்வரை நாங்களாக இன்னொரு ஆடி வைத்துக்கொண்டோம். உதடு ஆறிவிட்டது. பரு இருக்கிறது, இருக்கட்டும்.

அம்மா இன்னமும் மாதாமாதம் போன் செய்கிறாள். கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் நாள் தள்ளிப்போயிருக்கா என்று கேட்பதில்லை.

"வந்துடுச்சாடி?" என்றுதான் கேட்கிறாள்.