இராசமலர் மிஸியும் ‘உது’ என்ற சொல்லும்

கரவெட்டி இராசமலருக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. பன்னிரண்டு வருடம் தாதியாக இருந்தும் அது பழக்கத்துக்கு வரவில்லை. அந்தக் குறை தெரியாதபடி, பெண்கள் வார்டுக்குப் பொறுப்பான ஞானாம்பிகை சிஸ்டர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சத்தம் போடுவார். வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

சத்தத்தைக்கூடப் பொறுக்கலாம். புதிதாக வந்த தாதிகளை அவர் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ‘உது’ என்பார். கேட்பவருக்குப் பக்கத்தில் கிடக்கும் சட்டி பானைக்குத்தான் எங்களூரில் உது என்று பேர். “உதுக்கு ஊசி பிடிக்கவும் தெரியாது” என்று நோயாளிகளுக்கு முன்னால் சொன்னால் எந்தப் பிள்ளை தாங்கும்? புதிதாக வந்தவர்களில் தங்கமுத்து ஆறு மாதம் தாங்கினாள். எழுபத்தொன்று வைகாசியில் ஒருநாள், வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தை இராசமலரிடம் காட்டினாள்.

இராசமலருக்கு அவளை விட மனமில்லை. நோகாமல் ஊசி போட அந்த வார்டில் இவளை விட்டால் ஆளில்லை.

“ஒரு கிழமை பொறும் பிள்ளை,” என்றாள்.

மறுநாள் சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து, “இராசமலர், உதை இஞ்சை அனுப்பும்,” என்றார். இராசமலருக்குப் பக்கத்தில் தங்கமுத்து நின்றாள். மூத்திரச் சட்டியும் இருந்தது. இராசமலர் சட்டியை ஏந்திக்கொண்டு மரியாதையாகப் போனாள். அடுத்த நாள் மருந்துத் தள்ளுவண்டி போனது. அதற்கடுத்த நாள் கட்டிலை மறைக்கும் தட்டி. நோயாளிகள் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் இராசமலரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“என்னோடை பகிடி விடுறீரோ?”

“ஓம் சிஸ்டர். வேறை மாதிரிச் சொல்ல எனக்குப் பயம்.” இராசமலர் குரலை உயர்த்தாமலே சொல்லி முடித்தாள். “தங்கமுத்து வேலையை விடப்போறாள். பிழை விட்டால், இப்ப என்னைக் கூப்பிட்ட மாதிரி உள்ளை கூப்பிட்டுப் பேசுங்கோ. அவளுக்குப் பேர் இருக்கு.”

சிஸ்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

“நான் வேலை பழகேக்கை என்னையும் உப்பிடித்தான் கூப்பிட்டவை,” என்றார். “போய் வேலையைப் பாரும்.”

திங்கள் காலை வார்டில் “தங்கமுத்து” என்று சிஸ்டரின் குரல் கேட்டது. தங்கமுத்து அசையவில்லை. இரண்டாம் தரம் கேட்டபோது, தன் பேரில் இன்னொருத்தி வந்திருக்கிறாளோ என்று பின்னால் பார்த்தாள்.

“உம்மைத்தான் பிள்ளை,” என்று இராசமலர் முதுகில் தட்டி அனுப்பினாள்.

மத்தியானம், இராசமலர் மருந்து மேசையடியில் நின்று கடிதம் எங்கே என்று கேட்டாள்.

“உது உங்கடை காலடியிலை கிடக்கு அக்கா,” என்றாள் தங்கமுத்து. “மேசை ஆடினது, மடிச்சு முண்டு குடுத்திட்டன்.”