கடைசிப் பாட்டுக்கு எழும்பியவர்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வராது. ஞாபகமும் இப்போது அங்கங்கே விட்டுப்போகிறது. முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, கூட்டத்தில் வாய் திறக்காதவள் இதிலும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் கோடையிலிருந்து என்னைப் போட்டுக் குடைகிறது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இசைக்குழுக்கள் இங்கே வந்துபோவது உங்களுக்குத் தெரியும். பாடகரும் வாத்தியக்காரர் நாலைந்து பேரும் வருவார்கள். கூடப் பாடும் பெண்கள் எல்லோருக்கும் விசா கிடைக்காது. அதனால் இங்கே பாடத் தெரிந்த பிள்ளைகளை மேடைக்கு எடுப்பார்கள். பின்வரிசையில் நின்று குரல் கொடுக்கிற வேலைதான். என் மகள் பல வருஷமாக அந்தப் பின்வரிசையில் நின்றவள். ஐம்பதை நெருங்குகிறாள். பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. இயந்திர இரைச்சலுக்காகக் காதை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். காதை அடைத்தால் தன் குரல் தனக்குத் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லி, அங்கேயே முணுமுணுத்துப் பழகுவாள்.

இந்தக் கோடையில் வந்த குழுவில் அவளுக்கு ஒரு சோடிப் பாட்டுக் கொடுத்தார்கள். பாடகரோடு முன்னால் நின்று பாடவேண்டியது. அது நன்றாக வந்தால் அடுத்து வரும் குழுவிலும் பாட்டுத் தருவோம் என்றார்களாம்.

"உது சரிவராட்டில் நான் விட்டுடுவன் அம்மா," என்றாள். "இனியும் பின்னுக்கு நிண்டு ஆ போட ஏலாது."

டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவார். ஆகவே கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் பழகுவோம். ஆண் குரல் என்னுடையது. யாராவது கூடையோடு உள்ளே வந்தால் நான் உடனே நிறுத்திவிட்டு மடித்த துவாயை விரித்துத் திரும்ப மடிப்பேன்.

"அம்மா, ஓடாதேங்கோ. அவர் அந்த இடத்தில இழுப்பார்."

"அவருக்கு மூச்சிருக்கு, இழுக்கட்டும். எனக்கெங்க?"

"அப்ப வாயை மட்டும் அசையுங்கோ. எனக்குச் சிரிப்பு வருது."

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணி என்று போட்டிருந்தது. மகள் ஒத்திகைக்கு முதலே போய்விட்டாள். நானும் மருமகனும் போனபோது மண்டபக் கதவு பூட்டியிருந்தது. முதல்நாள் மொன்றியலில் பாடிவிட்டு வந்த குழு. வாத்தியங்கள் வந்த வாகனம் பிந்திவிட்டதாம். உள்ளே யாரோ "ஹலோ, செக், செக்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். வெளியே முன்கூடத்தில் சனம் மீன் ரோல்ஸ் வாங்கித் தின்றது. நான் வாசலுக்கும் குளியலறைக்குமாக நடந்தேன்.

"மாமி, ஒரு இடத்தில இருங்கோ. பாடப்போறது நீங்களில்லை," என்றார் மருமகன்.

கதவு திறந்தது. பிறகு காசு தந்த அனுசரணையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்தினார். படம் எடுக்க எல்லோரும் ஒருமுறை நின்றார்கள். கண் மூடியவருக்காகத் திரும்பவும் நின்றார்கள். நான் கதிரையில் முன்னுக்கும் பின்னுக்குமாக அசைந்துகொண்டிருந்தேன்.

பாடகர் நல்ல மனுசன். வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார். மகள் பின்வரிசையில் கத்தரிப்பூ நிறச் சேலையோடு நின்றாள். அவள் பாட்டு இடைவேளை முடிந்து இரண்டாவது என்று சொல்லியிருந்தாள். இடைவேளை முடிந்தது. திரும்பவும் பொன்னாடை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதுக்கு வேறொரு பிள்ளை முன்னால் வந்தது. மூன்றாவதும் அவளுடையதில்லை. மகள் மேடையிலிருந்து எங்களைப் பார்க்கவே இல்லை. மண்டபத்துக்காரர் ஒருவர் ஓரத்தில் நின்று, அறிவிப்பாளரைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அதைக் கண்டதிலிருந்து எனக்குப் பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. பக்கத்தில் மருமகன் காரை முன்னுக்கு எடுத்துவருகிறேன், இல்லாவிட்டால் பார்க்கிங்கில் மாட்டுவோம் என்று சொன்னார், தலையாட்டிவிட்டேன். என்ன சொன்னார் என்பதே அவர் போனபிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்த நேரம் ஆட்டப்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் எழும்பி ஆடுகிற அந்தப் பாட்டு முடிந்தால் நிகழ்ச்சி முடிந்தது என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அது முடிந்த கையோடு முழு மண்டபமும் கைப்பையைத் தேடியது. அப்போதுதான் அறிவிப்பாளர் சொன்னார்: "இன்னும் ஒரு பாட்டு இருக்கு, இருங்கோ, இருங்கோ." மகள் முன்னால் வந்து மைக்கைப் பிடித்தாள்.

முன்னால் எழும்பி நின்ற முதுகுகளைத்தான் நான் கண்டேன். எனக்கு முன்வரிசையில் தமிழ்நாட்டுத் தம்பதி, தோளில் நித்திரையான குழந்தை. நான் அந்தப் பெண்ணின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். முன்பின் தெரியாத ஒருவரை நான் தொட்டு மறித்தது அதுதான் முதல்தரம்.

"பிள்ளை, ஒரு பாட்டுத்தான். இருங்கோ. என்ர மகள்."

"ஆன்ட்டி, நாங்க பிக்கரிங் வரைக்கும் போகணும். பார்க்கிங்ல மாட்டிப்போம்."

"ஒரே ஒரு பாட்டு."

அவள் கணவனைப் பார்த்தாள். "உக்காருப்பா, அவங்க பொண்ணாம்," என்றாள். இருந்தார்கள்.

அது எனக்கு ஒரு வெறியைத் தந்துவிட்டது. நடைபாதைக்கு வந்துவிட்டேன். வாத்தியம் தொடங்கிவிட்டது. வாசல் பக்கம் போனவர்களை ஒவ்வொருவராக மறித்தேன். சிலர் என்னை மண்டபத்து ஆள் என்று நினைத்து ரிக்கெற்றை நீட்டினார்கள். ஒரு குடும்பம் சிரித்துவிட்டுத் திரும்ப இருந்தது. தொப்பி போட்ட ஒரு மனுசன் மட்டும் மறுத்துவிட்டான்.

"அம்மா, விடியக் காலமை வேலை. வழியை விடுங்கோ."

"என்ர மகள் பாடுறாள், தம்பி."

"உங்கட மகளோ? அப்ப நீங்களேன் இஞ்ச நிக்கிறியள்? போய் இருந்து கேளுங்கோவன்."

நான் மேடைப் பக்கம் திரும்பினேன். பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. மகள் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பாடகர் அவளைக் காட்டிக் கைதட்டினார், அல்லது எல்லாருக்குமாகத் தட்டினார். மண்டபத்து விளக்குகள் எரிந்தன.

காரில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"எப்பிடி அம்மா இருந்தது?"

"நல்லாயிருந்தது."

"இரண்டாம் சரணத்தில ஒரு இடத்தில மூச்சு விட்டுட்டன். தெரிஞ்சதோ?"

"தெரியேல்லை," என்றேன்.

மருமகன் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். "கலக்கிட்டீர்," என்று மட்டும் சொன்னார். அவர் அப்போது பார்க்கிங்கில் இருந்தது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். வீடியோப் படம் பிடிக்கக் கூடாது என்று சொன்னதால் எங்களிடம் அதுவும் இல்லை.

இப்போது அடுத்த குழு வருகிறது. மகளைக் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பாட்டுத் தருவார்களாம். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. கூடப் பாடுகிற பிள்ளைகள் யார் பாடினாலும் நல்லது என்பார்கள், அது கணக்கில்லை என்கிறாள்.

"அம்மா, நீங்கள் ஆம்பிளைக் குரல் பாடினனீங்கள். ஒவ்வொரு எழுத்தும் உங்களுக்குத் தெரியும். வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் போகவோ விடவோ?"

நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழும்பிவிடுகிறேன். ஒரு தரம் அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை. போ என்று சொல்லி, அங்கே பாட்டுப் பிழைத்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? விடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அந்த ஞாயிறு அங்கே கதிரையில் இருந்து கேட்டவர்கள் யாராவது இதை வாசிப்பீர்கள். டோர்செட் பார்க், வோபர்ன் பக்கத்துச் சனம் நிறைய வந்திருந்தது. கத்தரிப்பூ நிறச் சேலை, கடைசிப் பாட்டு. இரண்டாம் சரணத்தை நிதானமாகப் பாடினாளா, அல்லது நேரமில்லை என்று ஓடவிட்டார்களா? மூச்சு எங்கே விட்டாள்? பாடகர் கைதட்டியது அவளுக்குத்தானா? நான் எழுதியதில் பிழை இருந்தால் அதையும் திருத்துங்கள். நல்லதாகச் சொல்லவேண்டும் என்றில்லை, கேட்டபடி சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமைகளில் சங்கத்துக்கு வருவேன், யன்னல் பக்கத்து மேசையில் இருப்பேன். கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள். அவள் பதில் சொல்லவேண்டிய நாள் கிட்டுகிறது.