ஈயம் பூசாத கிண்ணம்

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பூதலிங்கம் பிள்ளை, ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தை, களிம்பேறி விஷமாகும் என்று, யாருக்கும் விற்கமாட்டார். அவர் பூஜையறையிலிருந்த பழைய செம்புக் கிண்ணத்துக்கு மட்டும் ஈயமும் கிடையாது, புளி போட்டுத் தேய்ப்பதும் கிடையாது. முன்னொரு காலத்தில் அதில் மோர் குடித்த எதிரிப் படைத்தலைவன் செத்ததால்தான் ராஜ்யம் பிழைத்ததாம். அம்மன் தீர்ப்பாம்.

1951இல் மஞ்சள்காமாலையில் கிடந்த அவர் மருமகள் சொர்ணத்தைப் பார்க்கப் போனேன். வாந்தி நிற்கவில்லை.

"மூணு நாளா கீழாநெல்லி மோரு அந்தக் கிண்ணத்திலதான் குடுக்கோம், நர்ஸம்மா" என்றார் பிள்ளை.

பச்சைக் களிம்பு மோரில் குழைந்து நாறியது.

"அவனக் கொன்னது அம்மனில்ல அண்ணாச்சி, இந்தக் களிம்புதான். அடுத்தது உங்க மருமவளா?"

மோரைச் சாக்கடையில் கொட்டினேன். சொர்ணம் பிழைத்தாள். அதுவும் கிண்ணத்தின் மகிமை என்று சாகும்வரை சொன்னார். கழுவ மட்டும் விடவேயில்லை.