ராசியான வண்டியின் பழைய எஞ்சின்

எங்கள் அப்பாவின் டீசல் பிக்கப்புக்குக் காளவாசல் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. ராசியான வண்டி. கல்யாணச் சீர் ஏற்றிப் போவதுதான் அதற்கு முக்கியமான தொழில். அதில் கட்டிலும் பீரோவும் ஏற்றி அனுப்பிய வீட்டுப் பெண்கள் எல்லாம் வருஷம் திரும்புவதற்குள் பிள்ளை பெற்றுக்கொண்டார்களாம். இதை யார் கணக்கெடுத்தார்களோ தெரியாது. அப்பா மறுத்ததும் இல்லை. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் ராசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு டயரைத் தட்டிப் பார்ப்பார்.

அதே வீட்டில் அத்தை, அப்பாவின் தங்கை, ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். முதலில் பேசி முடித்த இடத்தில், பூ வைத்துவிட்டுப் போன அடுத்த வாரமே மாப்பிள்ளையின் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். பீடியும் வயசும் செய்த காரியத்தை அத்தையின் தலையில் கட்டிவிட்டு, சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அதற்குப் பிறகு பெண் கேட்டு யாரும் வரவில்லை. பல வருஷம் கழித்து மேலூரில் நெல் மண்டி வைத்திருந்த குடும்பம் ஒன்று வந்தது. அவர்களும் தயங்கித்தான் வந்தார்கள். சீர் உங்கள் வண்டியில்தானே வரும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அத்தையிடம் கண்ட குறைக்கு வண்டியை ஈடாக வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தன்று வண்டி படுத்துவிட்டது. யார் வீட்டுச் சீரோடோ போய்க்கொண்டிருந்தபோது எஞ்சினுக்குள் ராடு உடைந்து, பிளாக்கின் இரும்புச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆயில் அத்தனையும் ரோட்டில். அப்பா கட்டிலைத் தரையில் இறக்கவிடாமல் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து அதில் மாற்றி அனுப்பினார். பிறகு பிக்கப்பைக் கயிறு கட்டி அவனியாபுரத்துப் பட்டறைக்கு இழுத்துப் போனார். மெக்கானிக் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இதை ஒட்டவைத்தால் நிற்காது, வேறு எஞ்சின்தான் என்று சொல்லிவிட்டார். புதுசு வாங்க வழியில்லை. நல்லவேளையாக ஆடி பிறந்தது. ஆடியில் யாருக்கும் கல்யாணம் கிடையாது, அதனால் வண்டி காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

பழைய எஞ்சின் தேடும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி. எந்தப் பொருளைக் கேட்டாலும் கொண்டுவந்துவிடுவார், எங்கிருந்து என்று மட்டும் சொல்லமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பட்டறை வாசலில் எஞ்சின் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது எவ்வளவு தூரம் ஓடியது என்பதல்ல. யாரையாவது அடித்துக் கொன்ற வண்டியின் எஞ்சினா என்பதுதான். அப்பாவும் அதைத்தான் கேட்டார். மாமா கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"மச்சான், இது இருந்த வண்டி ஒரு உசுர எடுத்ததில்ல. வேகமாப் போனதே இல்ல. ஏறுனவகளும் இதுவரைக்கும் ஒரு கொற சொன்னதில்ல."

மெக்கானிக்குக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வண்டிக்குள் இறக்கியபோது, அதைத் தாங்கும் இடத்துப் போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. இரும்புத் துண்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைக்க ஆரம்பித்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாதென்று என்னைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே நீளமாக ஒரு வண்டி நின்றது. முன்பக்கம் எஞ்சின் இருந்த இடம் வெறும் குழி. பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே சீட்டே இல்லை, ஒரு நீளப் பலகை மட்டும் இருந்தது. மூலையில் காய்ந்த செவ்வந்திப் பூக்கள். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வண்டி என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவில் செத்தவர்களைப் பாடையில்தான் கொண்டுபோவார்கள், அதற்கென்று கண்ணாடி வைத்த வண்டி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

அப்பா அன்று முழுக்கப் பின்பக்கம் வரவே இல்லை. தண்ணீர்த் தொட்டி அங்கேதான் இருந்தது. கிரீஸ் கையோடு எதிர் டீக்கடைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார். சாயங்காலம் டீசல் குழாயில் காற்றை எடுத்து, எல்லோருமாகத் தள்ள, வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்பைவிட நல்ல சத்தம் என்றார் மாமா.

மறுநாள் அத்தை எனக்கு ஜடை பின்னும்போது, எஞ்சின் பூ வைத்த கண்ணாடி வண்டியிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. உள்ளே பலகை இருந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். இருந்தது என்றேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். என்னவென்று தெரியாமல் நானும் சிரித்தேன். மேலூர்க்காரர்கள் காதுக்குப் போனால் இந்தக் கல்யாணமும் நின்றுபோகும், யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. தாலி கட்டி முடிந்து மேலூருக்குப் புறப்படும்போது பொண்ணு மாப்பிள்ளைக்குக் கார் நின்றது. அத்தை, காரில் போனால் வாந்தி வரும், அண்ணன் வண்டியிலேயே வாரேன் என்று சொல்லிவிட்டாள். ராசியான வண்டியில்தான் வருவேன் என்கிற பெண்ணை மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்பா ஓட்டினார். முன்சீட்டில் அத்தை மடியில் நான். எங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எஞ்சின் மூடி. அது சுட்டது, ஆனாலும் அத்தை மருதாணிக் கையை அதன்மேலேயே வைத்திருந்தாள். ஒத்தக்கடை தாண்டியதும், கண்ணாடி வண்டி எஞ்சின் நல்லா ஓடுதுல்ல என்று அவள் காதில் சொன்னேன். ரகசியமாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. அத்தை குரலைத் தணிக்காமலே பதில் சொன்னாள்.

"அது என்னடி பண்ணும், பாவம். செத்தவகளச் சொமந்துச்சு. அது ஒண்ணும் கொல்லலையே."

ரோட்டில் யாருமே இல்லை. அப்பா எதற்கோ ஹாரன் அடித்தார். அத்தை எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.