அசை போடாத மயிலை

குதிரை கீழே படுத்துக்கொண்ட அந்தக் காலையில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, மாமா, நான். இல்லாதவர் அப்பா. குதிரைக்குத் தீனியாகச் சோளத்தட்டு வாங்கி வருவதாகச் சொல்லிக் காங்கேயம் பக்கம் போயிருந்தார். போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அது அறுபதுகளில் ஒரு மார்கழி. ஒரு ஜோடி காங்கேயம் காளைகளை விற்றுத்தான் அப்பா அந்தப் பெண்குதிரையையும் வண்டியையும் வாங்கியிருந்தார். பனியன் கம்பெனிப் பண்டல்களை ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் சேர்க்கும் வேலை. மாட்டுவண்டி போய்ச் சேர்வதற்குள் ரயில் ஈரோட்டைத் தாண்டிவிடுகிறது என்று கம்பெனியில் முகம் சுளித்ததால் வந்த குதிரை அது. காளையும் போய்க் குதிரையும் போனால், எங்கள் வீட்டில் வண்டி இழுக்க அப்பா மட்டும்தான் மிச்சம்.

நாங்களோ தலைமுறை தலைமுறையாக மாடு பார்த்த குடும்பம். குதிரையையும் மாடாகத்தான் எங்களுக்குப் பார்க்கத் தெரியும். சாம்பல் பூத்த அதன் நிறத்தைப் பார்த்து, மாட்டுக்கு வைப்பதுபோலவே மயிலை என்று பேர் வைத்தோம். பொங்கலுக்கு வண்ணம் பூசக் கொம்பு இல்லையே என்று அம்மாவுக்கு இப்போதிருந்தே கவலை.

அப்பா இல்லாத நாட்களில் வண்டி ஓட்டவும் மேற்பார்வைக்கும் வந்திருந்தவர் அம்மாவின் அண்ணன். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்தே அதன் பாட்டி எப்படிப் பால் கறந்தது என்று சொல்லிவிடுவார். வந்த அன்றே குளிருக்கு இரண்டு ஏற்பாடு செய்தார். கம்பெனி வேஸ்ட் துணிகளை வாங்கிவந்து அம்மாவைத் தைக்கச் சொல்லி மயிலைக்கு ஒரு போர்வை போர்த்தினார். அதில் இரண்டு பனியன் கைகள் பிரிக்கப்படாமல் தொங்கின. அடுத்தது, வைக்கிற தட்டை இரண்டு மடங்காக்கினார். காய்ந்த தட்டு. "நல்லாத் தின்னாத்தான் மேல்ல சூடு நிக்கும் அம்மிணி" என்றார்.

தண்ணீர் காட்டுவது மட்டும் என் வேலை. "அது குடிச்சு முடிக்கற மட்டும் நின்னு பாத்துட்டுப் போகோணும் சாமி" என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் ஒழுங்கான பையன்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட மணிக்குப் பயந்து ஓடிய முதல் ஆள் நான். முதல் மணிக்குள் போகாவிட்டால் வாத்தியார் வெளியே நிறுத்திவிடுவார். காலையில் கிணற்றில் இறைக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்க, முந்தின நாள் சாயங்காலமே வாளியை நிரப்பி வாசலில் வைத்துவிடுவேன். விடிவதற்குள் அந்தத் தண்ணீர் விரலை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிரும். மயிலை உதட்டை வைக்கும், ஒரு தும்மல் போடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் கெஞ்சுவேன். மணி அடித்துவிடும். வாளியை முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவேன். காலி வாளியைப் பார்ப்பவர்களுக்குக் குதிரை குடித்திருக்கிறது. இப்படி மூன்று நாள்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மயிலை முன்னங்காலால் தரையைப் பறித்தது. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. முந்தின நாளிலிருந்து சாணமும் போடவில்லை.

மாமா அதன் வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு துண்டை உதறி எழுந்தார்.

"அம்மிணி, நான் வந்ததுலிருந்து பாக்கறேன். இது ஒருக்காக்கூட அசை போடுலெ."

அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்னுங்ணா சொல்றீங்க! அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"குதிரை அசை போடாதுங்க மாமா" என்றேன் நான். "சயின்ஸ் புஸ்தகத்துல போட்டிருக்குது. அதுக்கு ஒரே ஒரு இரைப்பைதான்."

"ஓகோ. வயித்துவலிக்கு என்ன போட்டிருக்குது?"

"அது போடலீங்க."

"அப்ப அந்தப் புஸ்தகத்தையே கரைச்சு ஊத்தீறலாமா மாப்ளெ?"

மாமா சுக்கு, மிளகு, பூண்டு, பெருங்காயம் எல்லாம் இடித்துக் கஷாயம் வைத்தார். மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாயை மயிலையின் கடைவாயில் செருகினார். மாடென்றால் கண்ணை மூடி விழுங்கிவிடும். மயிலை தலையை ஆகாயத்துக்குத் தூக்கி ஒரு சீறு சீறியது. கஷாயம் முழுவதும் மாமாவின் வெள்ளைச் சட்டையில். அந்தக் கலவரத்திலும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான் விடாமல் குதிரையின் பல் எத்தனை, குளம்பு எப்படி என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்குப் புத்தகம் வசதியாக இருந்தது.

பண்டல் எடுக்க எங்கள் வண்டி வராததால், ரயிலடி ஜட்கா ஸ்டாண்டிலிருந்து குதிரைவண்டிக்கார பாய் ஒருவரைக் கம்பெனியில் வரவழைத்திருந்தார்கள். நடை முடித்த பாய், என்ன ஏதென்று பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பனியன் கையோடு நின்ற மயிலையைப் பார்த்ததும், "அட, கம்பெனி முதலாளியம்மா மாதிரியில்ல இருக்கு!" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அதன் விலாவில் காதை வைத்தார். பல் ஈறை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உள்ளே ஒரு சத்தமும் இல்லீங்களே. தண்ணி குடிக்குதா?"

"அதெல்லாம் மாப்ளெ வேளை தப்பாமக் காட்டறானுங்க" என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குடிக்குதுங்க" என்றேன்.

பாய் தட்டுக் குவியலை ஒரு பார்வை பார்த்தார். "சாணி போடற வரைக்கும் ஒரு குச்சி தீனி வைக்காதீங்க. தங்கச்சி, கை பொறுக்கற சூட்டுல வெந்நி வேணும். கொஞ்சம் உப்புப் போட்டு."

எனக்குக் குளிக்க வைத்திருந்த வெந்நீர் அடுப்பில் இருந்தது. அம்மா அதையே விளாவிக் கொண்டுவந்தாள். மயிலை முகர்ந்தது. பிறகு வாளிக்குள் முகத்தைப் புதைத்து, அடித் தகரம் தெரியும்வரை உறிஞ்சியது. சிறிது நேரம் விட்டு இன்னொரு வாளி. மாமா என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

பிறகு மாமாவும் பாயும் மாறி மாறி மயிலையை வீதியில் நடத்தினார்கள். படுக்கப் போகும்போதெல்லாம் பாய் கயிற்றைச் சுண்டினார். நான் பின்னாலேயே நடந்தேன். பிழைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் பொய் சொல்வதில்லை என்று முருகனிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

உச்சி சாய்ந்த நேரத்தில் மயிலை வாலைத் தூக்கியது.

"போட்டுருச்சு! அம்மிணி, போட்டுருச்சு!" மாமா கத்திய கத்தலில் வீதியே கூடிவிட்டது. ஆவி பறக்கும் அந்தச் சாணத்தைச் சுற்றி நாங்கள் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்களைப்போல நின்று சிரித்தோம். அதே நேரத்தில் தெருமுனையில் ஒரு பாரவண்டி திரும்பியது. வண்டி கொள்ளாத காய்ந்த தட்டு. அதன் உச்சியில், பெருமையாக, அப்பா.

கதை முழுவதையும் மாமா சட்டையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். கேட்டபடியே அப்பா கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார். முருங்கை மரத்தடியில் நின்றார். மார்கழியில் காய்ந்து கிடக்கவேண்டிய மண் ஊறிக் குழைந்து, ஓரத்தில் புல் முளைவிட்டிருந்தது. காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, "சோறு போடு" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே அனுப்பர்பாளையம் போய்ப் பெரிய செம்பு அண்டா ஒன்று வாங்கிவந்தார். விடியுமுன் அவரே எழுந்து வெந்நீர் போட்டு, மயிலைக்கு அவரே தண்ணீர் காட்டினார். மிச்சம் எனக்குக் குளிக்க. என் வேலை பறிபோனதில் எனக்கு அவமானம். "நானே காட்டறனுங்க" என்று போய் நின்றேன்.

"வேண்டாம் சாமி. உனக்கு மணி அடிச்சுப் போகும். ஓடு" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தோம் என்று துள்ளிக்கொண்டு ஓடினேன். மணிக்குப் பயந்து ஓடியதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை என்பது, படித்து முடித்து வேலைக்குப் போய் ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

மயிலையின் வயிற்றுவலிக்கு என்ன செலவாச்சு என்று யாராவது கேட்டால் அப்பா கணக்குச் சொல்வார். அண்டா பதினெட்டு ரூபாய். பாய் வைத்தியத்துக்குக் காசு தொடவில்லை, கையைவிட்டுப் போன அன்றைய நடைக்கூலி இரண்டு ரூபாய். மாமாவின் கஷாயச் சாமான் நாற்பது காசு. அதில் குதிரைக்கு எவ்வளவு, என் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று அவர் பிரித்துச் சொன்னதே இல்லை. மொத்தம் இருபது ரூபாய் நாற்பது காசு.